ராஜாவுக்குக் கை கொடுத்தவர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் முதலில் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ், அடுத்தது அவரவர் அப்பாவைப் பற்றிய பெருமை. என் அப்பா கலெக்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், என் அப்பா எம்.எல்.ஏ. காரில் போனார் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. என் அப்பா ஒரு நாட்டு ராஜாவுக்கே கை கொடுத்தவர். அதை வெளியே சொன்னதுதான் எங்கள் குடும்பத்துக்கு வினையாக முடிந்தது. இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நம்பாதவர்களைச் சின்ன வயதிலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

சுனாமியில் எங்கள் படகு போன பிறகு அப்பா புருணைக்கு வேலைக்குப் போனார். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் டீ ஆற்றுவதும் பாத்திரம் கழுவுவதும் அப்பாவின் வேலை. புருணை எங்கே இருக்கிறது என்று தேவனாம்பட்டினத்தில் ஒருவருக்கும் தெரியாது. துபாய்க்குப் பக்கம் என்றார்கள், சிங்கப்பூருக்குப் பக்கம் என்றார்கள். எங்கள் வகுப்பு டீச்சர் உலகப் படத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பறம் காட்டுறேன்" என்று சொன்னார். கடைசி வரைக்கும் காட்டவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, கார்த்திகை மழையில் அப்பா திரும்பி வந்தார். கடை முதலாளி தன் மச்சினனை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டாராம், அதனால் அனுப்பிவிட்டார்கள். நைலான் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியைக் கூடத்தில் வைத்து அரிவாள்மணையால் கயிற்றை அறுத்தார் அம்மா. பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். சோப்பு, தைலம், சாக்லேட் பவுடர், புதுத் துண்டு எல்லாம் கலந்த வாசனை. மீன் வாடையும் உப்புக்காற்றும் தவிர வேறு தெரியாத வீட்டில் அது மூன்று நாள் நின்றது. அடியில் ஒரு மஞ்சள் அட்டை டப்பா இருந்தது, மேலே தங்க எழுத்து. ஆவலாகத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"ராஜா வீட்டுல குடுத்த கேக்கு. கேக்கை அங்கியே தின்னுட்டோம். டப்பாவ உனக்காவ எடுத்தாந்தேன்" என்றார் அப்பா.

அம்மா அதில் ஹேர்பின்னும் ரிப்பனும் போட்டு வைத்தார். பிற்பாடு ஒரு புயல் மழையில் ஊறிக் கூழாகிப் போனது.

அப்பாவிடம் சில புதுப் பழக்கங்கள் வந்திருந்தன. யாருக்காவது திசை காட்ட வேண்டுமென்றால் கையை மூடிக் கட்டைவிரலால் காட்டுவார். ஆள்காட்டி விரலை நீட்டினால் அந்த ஊரில் மரியாதைக் குறைவாம். யாருக்காவது கை கொடுத்தால், கொடுத்த கையைத் தன் நெஞ்சில் ஒருமுறை வைத்து எடுப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் அவருக்கு வேலை ஓடாது. அங்கே அந்த நேரத்தில் எல்லாக் கடையும் கதவைச் சாத்திவிடுமாம், தொழுகை முடிந்துதான் திறக்குமாம். இங்கேயும் அந்த நேரத்துக்குத் திண்டாடிக்கொண்டு நிற்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

கடல் கொந்தளிப்பாக இருந்ததால் யாரும் தொழிலுக்குப் போகாத நாட்கள் அவை. ஆண்கள் எல்லோரும் மீன் ஏலம் போடும் கூடத்தில் உட்கார்ந்து வலையைச் சரி பார்ப்பார்கள். அப்பா நடுவில் இருப்பார். நான் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊர்க்கதை கேட்க யாருக்குத்தான் பிடிக்காது?

"ஆத்துமேல கம்பு நட்டு ஊரே கட்டியிருக்காங்க. பள்ளிக்கூடம், மசூதி, தீயணைப்பு ஆபீஸ், எல்லாம் தண்ணி மேல. வீட்டுக்கு வீடு படகு. ஆனா ஒருத்தனும் மீன் புடிக்கப் போறதில்ல. எல்லாருக்கும் கவர்மென்ட் வேலை."

"அப்ப மீனு?"

"கடையில வாங்கித் தின்றாங்க."

கூடமே சிரிக்கும். பெட்ரோல் தண்ணீரை விட மலிவு, ஆஸ்பத்திரிக்குப் பைசா கிடையாது என்றபோது பெருமூச்சு விட்டார்கள். ஊரிலேயே சாராயக்கடை இல்லை என்றபோது மட்டும், "அது இன்னா ஊருய்யா" என்றார் எதிர்வீட்டு மாமா. அந்த மாமாவுக்கு எதையும் ஒரு நக்கலோடு கேட்டால்தான் தூக்கம் வரும்.

அப்பா அந்த ஊரைத் தூக்கி வைத்தும் பேசவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "அந்த ஊருக்காரனுக்கு அது சொர்க்கம். நமக்குக் கடைக்கு மேல ஒரு ரூம்பு. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட. நோன்பு மாசத்துல கடைக்குள்ள யாரும் உக்காந்து சாப்புடக்கூடாது. நாங்க பகல்ல சமையக்கட்டுல குந்திக்கினு தண்ணி குடிப்போம்" என்றெல்லாம் சொன்னார். இதையெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் ராஜா கதை வந்தது. ரம்ஜான் பண்டிகை முடிந்ததும் அந்த நாட்டு ராஜா, சுல்தான் என்பார்களாம், அரண்மனையை ஜனங்களுக்குத் திறந்துவிடுவாராம். யார் வேண்டுமானாலும் போகலாம். உள்ளூர்க்காரன், கூலிக்கு வந்தவன், எந்த மதத்துக்காரன் என்று கேட்க மாட்டார்கள். முதலில் வயிறு நிறையச் சாப்பாடு. பிறகு ஆண்கள் ராஜாவிடமும் பெண்கள் ராணியிடமும் வரிசையில் போய்க் கை கொடுத்துவிட்டு வரலாம். போகும்போது கையில் ஒரு கேக் டப்பா.

"விடியக்காலமே போயி நின்னேன். மத்தியானம் ஆயிடுச்சி. செல்போன வாசல்லியே வாங்கி வச்சிக்கிட்டாங்க. உள்ள கார்ப்பெட்டுல காலு பொதையுது. ராஜா ஒண்ணும் பேசல. சிரிச்சாரு. கை பஞ்சு மாதிரி இருந்துது" என்று தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் அப்பா.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எதிர்வீட்டு மாமா, "மச்சான், மீன் கழுவுன கையாலயா, பாத்திரம் கழுவுன கையாலயா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது.

அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று இன்று தோன்றுகிறது. நாங்கள் பார்த்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். சுனாமி முடிந்து பார்க்க வந்தவர்கள்கூட, போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள். பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களைக் கிட்டே விடவில்லை. ரேஷன் கார்டில் பேரைத் திருத்தவே நாலு ஆபீஸ் ஏறி இறங்க வேண்டிய ஊரில், டீ ஆற்றுகிறவனுக்கு ராஜா கை கொடுத்தார் என்றால் எவன் நம்புவான்? கேக் டப்பாவைக் காட்டினோம். பாண்டிச்சேரி பேக்கரி டப்பா என்றார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயர் 'சுல்தான்'. நான் பள்ளிக்கூடத்தில் 'சுல்தான் மவ'. ஏலத்தில் அப்பா விலை சொன்னால், "சுல்தான் சொல்லிட்டாருப்பா" என்பார்கள். எனக்கு அழுகையாக வரும். அப்பா சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அந்தச் சிரிப்பை அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும் அவர்.

இந்த இடத்தில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒரே தம்பி. ராஜா கதையை முதலில் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவரே அவர்தான். நிவாரணத்தில் வந்த பைபர் படகு ஒன்றில் நாலு பேரோடு அவருக்கும் பங்கு இருந்தது. அந்த நாலு பேரும் செய்த கிண்டல் தாங்காமல், தை மாதத்துக்குள் அவரும் சிரிக்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். "எங்க அண்ணன் கொஞ்சம் விடுவாரு" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

சித்தப்பாவுக்கும் வெளிநாடு போக ஆசை வந்தது. சித்தியின் அண்ணன் சிதம்பரத்தில் ஒரு ஏஜென்ட்டைக் கண்டுபிடித்தார். புருணைக்கே ஆள் எடுக்கிறாராம். சித்தியின் செயினும் வளையலும் அதற்குப் போயின. கிளம்புவதற்கு முன்னால் விசாவைக் காட்டச் சொல்லி அப்பா நச்சரித்ததில், ஒரு அமாவாசையன்று எல்லோருமாகச் சிதம்பரம் போனோம். அம்மாவுக்குக் கோயிலில் ஒரு வேண்டுதல் இருந்தது, அதனால் நானும் போனேன். கீழ வீதியில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கிக் கொடுத்தார் சித்தப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எனக்கு அங்கேயிருந்து பேசும் பொம்மை வாங்கி வருவதாகச் சொன்னார்.

தையல் கடைக்கு மேல் மாடியில் ஏஜென்ட்டின் ஆபீஸ். சுவரில் விமானப் படம், மேஜையில் சாமி படம், ஊதுபத்தி. ஏஜென்ட் நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பேச்சில் அவ்வளவு பணிவு. சித்தப்பாவின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

"இது வேல விசா இல்ல. சுத்திப் பாக்கப் போறவங்களுக்குக் குடுக்கறது."

"போனதும் அங்க மாத்திக் குடுத்துடுவாங்கண்ணே. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"அங்க போயி மாத்த முடியாது தம்பி. வேல விசா இங்கிருந்தே வாங்கிக்கினு போவணும். கெடு தாண்டித் தங்குனா புடிச்சி ஜெயில்ல போடுவாங்க. அதோட விடமாட்டாங்க. ஆளக் கட்டி வச்சிப் பிரம்பால அடிப்பாங்க. சட்டமே அதான். எங்க கடைக்குப் பக்கத்துல வேல செஞ்ச பையனுக்கு அந்த கதி ஆச்சி."

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்பா பேச்சு எடுபட்டது போலத்தான் இருந்தது. சித்தியின் அண்ணன்தான் கெடுத்தார்.

"சார், இவுரு அந்த ஊரு ராஜாவுக்கே கை குடுத்தவரு. தெரியுமா?"

ஏஜென்ட் புரியாமல் பார்த்தார். சித்தியின் அண்ணன் முழுக் கதையையும் சொன்னார், கார்ப்பெட், கேக் டப்பா எல்லாம். ஏஜென்ட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்படியாண்ணே? கூலிக்கு வந்த உங்களுக்குச் சோறு போட்டுக் கை குடுத்த ராஜா, உங்க தம்பிய மட்டும் கட்டி வச்சி அடிப்பாரா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே."

"ரெண்டும் நெசந்தான்" என்றார் அப்பா.

சித்தப்பா முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அப்பா பாஸ்போர்ட்டின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை. ஏஜென்ட்தான் மெதுவாக அதை உருவி எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது சித்தப்பா முன்சீட்டிலிருந்து திரும்பாமலேயே பேசினார். "நீ போய்ட்டு வரலாம், நான் போவக்கூடாதா? பொட்டி கட்டிக்கினு நீ மட்டும்தான் வரணுமா?"

"போவாதன்னு நான் சொல்லல. இதுல போவாதன்னுதான் சொல்றேன். கொஞ்ச நாள் பொறு, நான் முதலாளிகிட்ட கேக்கறேன்."

"உங்க முதலாளி உன்னியே தொரத்திட்டாரு."

ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் அப்பா சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டார், நான் எதையும் கேட்கக்கூடாது என்பது போல.

சித்தப்பா பங்குனியில் போனார். ஆரம்பத்தில் போன் வந்தது. கட்டட வேலை, சாப்பாடு பரவாயில்லை, விசாவை மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள் என்றார். பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றே போனது. சிதம்பரம் மாடி ஆபீஸில் பூட்டுத் தொங்கியது. அப்பா யார் யாரையோ பிடித்து, பரங்கிப்பேட்டை முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தம்பி ஜெயிலில் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டார். இதை அப்பாவும் அம்மாவும் சித்தியும் வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஊர் கேட்டால், "வேல ஜாஸ்தி, போன் பண்ண நேரமில்ல" என்பார் அம்மா.

மறு வருஷம் ஆடியில் சித்தப்பாவைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அப்பாதான் அழைத்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். பொம்மையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அந்த முகத்தைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். அம்மா கஞ்சி கொடுத்து அனுப்பினார். நான் உள்ளே போனபோது சித்தப்பா குப்புறப் படுத்திருந்தார், வேர்வையில் நனைந்த கைலியை அப்பா மாற்றிக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே குறுக்கும் மறுக்குமாகத் தடித்துக் கறுத்த தழும்புகள். ஒன்றிரண்டு இடத்தில் சதை பள்ளமாகவே இருந்தது. அப்பா கைலியை இழுத்து மூடினார். "கஞ்சிய வச்சிட்டுப் போம்மா" என்றார்.

வாசலில் சித்தி அப்பாவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாமா, வெளிய தெரிஞ்சா நான் செத்துடுவேன். நம்ம ஊருல திருடுனவனத்தான் கட்டி வச்சி அடிப்பாங்க. அங்க எதுக்கு அடிச்சாங்கன்னு யாரு கேக்கப் போறாங்க? என் தங்கச்சிக்கு நிச்சயம் ஆயிருக்குது. திருட்டுக் குடும்பம்னு மாப்ள வூட்டுல ஒதுங்கிடுவாங்க."

அப்பா சித்தியின் தலையைத் தொட்டு, சொல்லமாட்டேன் என்றார்.

காய்ச்சல் விட்டதும் சித்தப்பா ஏலக் கூடத்துக்குப் போனார். பெரிய ஓட்டலில் வேலை என்றார். ஏ.சி. ரூம் என்றார். கான்ட்ராக்ட் முடிந்து வந்துவிட்டாராம். மறுபடி கூப்பிடுகிறார்களாம். "அண்ணன் சொன்ன மாரி அடி கிடியெல்லாம் ஒண்ணும் கெடயாது" என்று வேறு சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாமல் இருந்திருக்கலாம் இல்லையா? அவர் சொன்னதை எல்லோரும் அப்படியே நம்பினார்கள். ஓட்டல், ஏ.சி., கான்ட்ராக்ட் எல்லாம் அவர்கள் கேட்க விரும்பிய கதை.

ஐப்பசியில் ஒருநாள் எதிர்வீட்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. சித்தப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சித்தி சமையல்கட்டு வாசலில் இருந்தார். மாமா பாயில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உன்னை எவ்வளவோ ஓட்டியிருக்கேன். மனசுல வச்சிக்காத. எம் பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு சும்மாதான் இருக்கான். அந்த ஏஜென்ட்டு கீரப்பாளையத்துல புதுசா ஆபீஸ் போட்டிருக்காராம். அங்கியே போறேன்னு நிக்கறான். உந்தம்பி நல்ல ஊருன்னு சொல்றான். ஊரே சொல்லுது. ஆனா புள்ள விசயம். நீ இருந்துட்டு வந்தவன். உன் வாயால ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

யோசித்துப் பாருங்கள். அப்பா திரும்பி வந்த நாளிலிருந்து, அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டு ஒருத்தர் வந்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு அவர் எதைச் சொல்லியிருந்தாலும் மாமா நம்பியிருப்பார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி சொல்றது நெசந்தான்" என்றார் அப்பா.

"அப்ப பிரம்பால அடிப்பாங்கன்னு சொன்னியாமே?"

"அவன் போயிடக்கூடாதுன்னு சொன்னேன். ஒரே தம்பி."

மாமா மூச்சை விட்டார். முகம் தெளிந்தது. பழைய நக்கல் மெல்லத் திரும்பி வந்தது. "அப்ப ராஜாவுக்குக் கை குடுத்தது?"

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையாவது விட்டுவிட மாட்டார் என்று நினைத்தேன்.

"அதுவும் சும்மாத்தான், மச்சான்."

"அதான பாத்தேன்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் மாமா. அம்மா கொண்டுவந்த காப்பியை ருசித்துக் குடித்தார். போகும்போது அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் அம்மா, "அந்தப் புள்ள?" என்று மட்டும் கேட்டார். அப்பா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்தில் ஆறவில்லை. ஏஜென்ட் மேல் இருக்கிறது, சித்தப்பா மேல் இருக்கிறது, சிரித்த ஊர் மேல் இருக்கிறது. அப்பா மேல்தான் எல்லாவற்றையும் விட அதிகம். தம்பி மானத்துக்கு இன்னொருத்தர் பிள்ளையை விலையாகக் கொடுத்தவர் அவர். அவர் நல்லவர் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பையனையாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னார். அவன் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் படகுகளுக்கு நடுவே நிறுத்தி, சித்தப்பா பெயரை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொன்னார். விசாவைப் பற்றி, கெடுவைப் பற்றி, பிரம்பைப் பற்றி. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவன் நல்ல பையன். மரியாதையாகவே கையை விடுவித்துக்கொண்டான். "அதான் எல்லாம் சும்மா சொன்னேன்னு எங்கப்பாகிட்ட நீங்களே ஒத்துக்கினீங்களே, மாமா" என்றான்.

போனான். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போவான், அப்பா வாசலில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவன் வயதுப் பையன்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, ஊர் எப்படி என்று கேட்டார்கள்.

நல்ல ஊரு என்றான்.